சகாயத்தின் இடம்

டாக்டர் ஜீப்புக்கு அடியில் நுழைந்ததும் வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் மிஞ்சின. சாம்பல் நிற சாக்ஸ் போட்ட பாதங்கள். அதைப் பார்த்ததும் அம்சவேணிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சோறு ஆறிப்போவுது, எழுந்து வாங்க, என்று. நல்லவேளை விழுங்கிக்கொண்டாள். கோயம்புத்தூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு வண்டி வாங்க வந்திருக்கும் பல் டாக்டரை, அதுவும் முன்பின் பார்த்திராத மனுஷரை, பெண்டாட்டி மாதிரி அதட்டினால் என்ன நினைப்பார். பழக்கதோஷம். தன் கல்யாண வாழ்க்கையில் பேசியதில் பாதியை அவள் பாதங்களிடம்தான் பேசியிருக்கிறாள். புருஷன் ஏகாம்பரம் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்த வருஷம் இந்த ஜீப்பை ஆவடி ஏலத்தில் எடுத்து வந்தார். அன்றிலிருந்து போன ஆடியில் மூச்சு நிற்கும்வரை, அவருக்கு இடுப்புக்கு மேலேயும் உடம்பு உண்டென்பதே அவளுக்குச் சிலசமயம் மறந்துபோகும். மகள் கோமதிக்கு ஜுரம் என்றால் பாதங்களிடம் சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்துவிட்டது என்றால் பாதங்களிடம். தன் அம்மா செத்த சேதியைக்கூட அவள் பாதங்களிடம்தான் சொன்னாள். ஸ்பேனர் கேட்டு ஒரு கை வெளியே நீண்டது, பிறகுதான் அந்தக் கைக்குச் சேதி போய்ச் சேர்ந்து, கொடுத்த ஸ்பேனரை வாங்காமல் அப்படியே மண்ணில் கிடந்தது. அந்தக் கையை அவள் அப்போதே மன்னித்துவிட்டாள். மன்னிக்க வேண்டியவை நிறைய இருந்தன, அதில் இது சின்னது.

ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப்பை ஏற்றிப்போகிற லாரி ஆரணி ரோட்டு ஓரமாக நின்றது, அதன் டிரைவர் உள்ளேயே காலை நீட்டித் தூங்கிவிட்டான். டாக்டர் நந்தகுமார் வந்ததிலிருந்து வண்டியை நாலு சுற்றுச் சுற்றினார், தட்டினார், பல்லிடுக்கில் பார்க்கிற மாதிரி சின்ன டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் எட்டிப் பார்த்தார், வாயைக் கொப்புளியுங்கள் என்று ஜீப்பிடம் சொல்லாததுதான் குறை. பழைய பட்டாளத்து வண்டிகள் என்றால் அவருக்கு உயிராம், ஊரில் ஏற்கெனவே மூன்று வைத்திருக்கிறாராம். அதெல்லாம் சரி. ஆனால் அடியில் நுழையுமுன் தோளிலிருந்த பையைக் கழற்றி, ஒரு யோசனையும் இல்லாமல், முன்னால் வலப்பக்கச் சீட்டில் வைத்தாரே, அப்போது அவள் எழுந்துகூட விட்டாள். ஐயோ அங்க வெக்காதீங்க என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது, எதற்குச் சொல்வது, கேட்கிறவரே இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். பை அங்கேயே இருந்தது, நீலப் பை, அதன் ஒரு பக்கத்தில் தண்ணீர் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. அவள் கண் அதை விட்டு நகர மறுத்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சீட்டில் ஒரு காய்கறிப் பைகூட வைத்ததில்லை.

அது சகாயத்தின் சீட்டு. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள பழைய ஜீப் இது, ஆகவே டிரைவருக்கு வலப்பக்கம் உள்ளது சகாயத்தின் சீட்டு. முழுப்பெயர் தேவசகாயம், நாகர்கோவில் பக்கம், எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை வந்தபோது ஏகாம்பரம் ஓட்டிய ஜீப்பில் பீரங்கி சுடுகிறவன். டாங்கிகளை அடிக்கிற நீளக்குழல் பீரங்கியை ஜீப்பின் முதுகில் பூட்டியிருப்பார்கள், குழல் ஆட்களின் தலைக்கு நடுவே முன்னால் நீண்டிருக்கும், அது நீட்டிக்கொண்டு போக வசதியாகத்தான் அந்த ஜீப்புகளில் முன்கண்ணாடி நடுவில் பிளந்திருக்கும். இந்த ஜீப்பிலும் பிளந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே அடிக்கும், ஏகாம்பரம் ஒரு சாக்கைச் சொருகிக்கொண்டு ஓட்டுவார், அடைத்துத் தொலையுங்களேன் என்றால், அது பீரங்கி போற வழி, அடைக்கக்கூடாது என்பார். பஞ்சாப் எல்லையில் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரம், டிசம்பர் மாதக் குளிர், சகாயத்துக்குக் காய்ச்சல். பீரங்கிக்குப் பக்கத்தில் பின்னால்தான் அவன் உட்கார வேண்டும். மக்கா, குளுரு எலும்புல ஏறுதுல்ல என்று அவன் முனகியதைக் கேட்டு, முன்னாடி வந்து உக்காருடா, என்ஜின் சூடு காலுக்கு வரும் என்று ஏகாம்பரம்தான் கூப்பிட்டார். வந்து உட்கார்ந்தான். காலைச் சூட்டில் நீட்டிக்கொண்டு சொர்க்கம் மக்கா என்றானாம். கொஞ்ச தூரம் போனார்கள். வலப்பக்கத்திலிருந்து குண்டுச் சிதறல் வந்தது, ஏகாம்பரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இந்தக் கதையை அவர் ஊரில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. அவளுக்கும் ஒரே ஒருமுறை, கல்யாணமான புதிதில், லீவில் வந்திருந்தபோது, முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தூங்கிப்போனார், அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. பிறகு ஓய்வுபெற்று, ஆவடிக்குப் போய், கழித்துப்போட்ட வண்டிகளுக்கு நடுவே தேடி, அதே ஜீப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டேன் என்று வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தபோது, அந்த முகத்தில் அப்படி ஒரு களை. அவள் ஆரத்தி எடுத்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினாள், அவர் கையை நீட்டித் தடுத்தார். அது சகாயம் சீட்டு வேணி, நீ பின்னாடி ஏறிக்கோ.

ஏறிக்கொண்டாள். அன்று ஏறியதுதான். பின்னால் பக்கவாட்டில் போட்ட இரும்புப் பலகை, அதன்மேல் அவளே தைத்துப் போட்ட மெத்தை, பிடித்துக்கொள்ளக் கூரைக் கம்பி. வேலூருக்குச் சினிமாவுக்குப் போனாலும் திருத்தணிக்குப் போனாலும் முன்னால் இரண்டு ஆம்பிளைகள், ஒருத்தர் உயிரோடு, ஒருத்தன் இல்லாமல், பின்னால் அவள். போகிற வழி அவளுக்குத் தெரிந்ததே இல்லை, கடந்துபோன வழிதான் தெரியும். புளியமரம் வந்து சின்னதாகிப் போகும், பெட்ரோல் பங்க் வந்து சின்னதாகிப் போகும், ஏதாவது ஊர் வந்தால் அது போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது எந்த ஊர் என்று போர்டைத் திரும்பிப் படித்துக்கொள்வாள். கோமதியைப் பெறப் போன அன்றும் அப்படித்தான், வலி பிடித்து இழுக்கிறது, பின் பலகையில் ஒருக்களித்துப் படுத்துக் கம்பியைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள், முன்சீட்டு ஜம்மென்று காலியாக இருந்தது. வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போகிற ஊர் இது, செத்தவனுக்கு மரியாதை என்றால் எல்லோருக்கும் புரியும், யாரும் ஏகாம்பரத்தைக் குறை சொன்னதில்லை. ஆனால் பெண்பிள்ளைகள் வாய் சும்மா இருக்குமா. குழாயடியில் கனகா கேட்பாள், இன்னாக்கா, உன் சக்களத்தி முன்னாடி உக்காந்துகினு வந்தாளா என்று. அம்சவேணியும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே அது உண்மையாகிவிட்டது. சக்களத்திதான். கருப்பட்டி போட்ட டீ என்றால் சகாயத்துக்கு உயிர், அதனால் இந்த வீட்டில் மார்கழி முழுக்கக் கருப்பட்டி டீ. சகாயத்துக்குப் பல்லி என்றால் பயம், சப்பாத்தியைக் கேரளா மேப்பு மாதிரிதான் தட்டுவான், சர்ச்சில் பாடினால் பாதிரியார் நிறுத்தச் சொல்வார். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்து மாலை போட்டதும் கேன்டீன் ரம்மில் ஒரு மூடி சகாயத்தின் சீட்டுக்குக் கீழே ஊற்ற வேண்டும். அவள் கண்ணால் பார்த்திராத ஒரு ஆள். அவனுடைய அம்மா அப்பா போய்ச் சேர்ந்திருப்பார்கள், நிச்சயம் பண்ணியிருந்த பெண் எங்கேயாவது பேரன் பேத்தி எடுத்திருப்பாள், இன்றைய தேதிக்கு உலகத்தில் சகாயத்தைப் பற்றி அம்சவேணிக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர் யாரும் இல்லை. இதை நினைத்தால் சிரிப்பு வரும். சிரிப்பு வந்த இடத்திலேயே எரிச்சலும் வரும்.

அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றுதான் ஜீப்பை விற்க ஒப்புக்கொண்டாள். கோமதி ஓசூரிலிருந்து ஃபோன் பண்ணி, அம்மா, அப்பாவே போயிட்டாரு, அத வச்சிகினு நீ இன்னா பண்ணப் போற, ஓட்டவா போற, என்று கேட்டபோது, வித்துடு என்று உடனே சொல்லிவிட்டாள், கோமதிதான் நிஜமாவா என்று ரெண்டு தரம் கேட்டாள். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சுலபமா. ஃபோனை வைத்துவிட்டு அன்று சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து விளக்கைப் போட்டவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். ஏகாம்பரம் போன பிறகு அவள் பேசுகிற பேச்செல்லாம் இந்த ஷெட்டில்தான். கரண்ட் பில், மூட்டுவலி, கனகாவுக்குக் கண் ஆபரேஷன். பாதங்கள் இல்லாவிட்டாலும் பாதங்கள் இருந்த இடம் இருக்கிறதே. போன ஆயுதபூஜைக்கு, அவர் இல்லாத முதல் ஆயுதபூஜைக்கு, யாரும் சொல்லாமலே ரம் பாட்டிலைத் தேடி எடுத்து மூடியில் ஊற்றி அந்தச் சீட்டுக்குக் கீழே விட்டாள், விட்டுவிட்டு, குடிச்சித் தொல என்றாள். சொன்னதும் தனக்கே தூக்கிவாரிப்போட்டது, செத்தவனிடம் போய் இப்படியா. ஆனால் அன்றைக்கு இந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். ஜீப் போய்விட்டால் இந்த ஷெட்டில் என்ன இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். எண்ணெய்க் கறையிடம் பேச முடியுமா. பேசுவாள், பேசாமல் என்ன செய்வாள், கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிடும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு ஆம்பிளைகளோடு குடித்தனம் பண்ணியவள். ஒருத்தர் ஆடியில் போனார். இன்னொருத்தன் இன்றைக்கு லாரியில் போகிறான். போகட்டும் என்று சொன்னவளும் அவள்தான், போகப்போகிறானே என்று தவிக்கிறவளும் அவள்தான், இதில் எவள் நிஜம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பாதங்கள் அசைந்தன. டாக்டர் முதுகால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார், சட்டையெல்லாம் மண். எழுந்தவர் பின்பக்கம் ஏறி, அவள் தைத்த மெத்தையை ஓரமாக வைத்து, தரைமேல் போட்டிருந்த ரப்பர் பாயைச் சுருட்டினார். வண்டி வந்த புதிதில் ஏகாம்பரம் ஒட்டியது, அதற்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் தடவினார், மறுபடி தடவினார். இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு தயக்கம், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்லுமுன் அவர் நோயாளியிடம் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஏனுங்கம்மா, பீரங்கி ஏத்துன வண்டின்னு சொன்னீங்களே, அது ஐயா சொன்னதுங்களா?" ஆமாம் என்றாள். "சண்டையில அவுரு ஓட்டுன வண்டியே இதுதாங்க. தேடிப் புடிச்சி எடுத்தாந்தாரு." டாக்டர் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பீரங்கி வண்டின்னா பின்னாடி தரையில கனமா ஒரு தகடு வெச்சு, போல்ட் முடுக்குன ஓட்டை இருக்கோணும்ங்க. அப்புறமா அடைச்சிருந்தாலும் தழும்பு தெரியும். இதுல ஒரு ஓட்டைகூட இல்லீங்க, தரை அப்படியே கம்பெனியில வந்த மாதிரி இருக்குது. முன்கண்ணாடி நடுவுல பிளந்திருக்குதே, அதுவும் பின்னால வெளியில கொடுத்து வெட்டுனதுங்க, வெல்டிங்க பாத்தாத் தெரியுது." அப்புறம் அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி வேகமாகச் சொன்னார். "சண்டைக்கு முந்துன வருசத்து வண்டிதானுங்க, தகட்டுல போட்டிருக்குது. எங்கயோ ஓடித்தான் இருக்கும். ஆபீசருங்கள ஏத்திருக்கும், தபால் கொண்டுபோயிருக்கும். பேசுன விலையில நான் ஒண்ணும் குறைக்கப் போறதில்லீங்க. எனக்கு என்ன ஆச்சரியம்னா, ஐயா அந்த வண்டிய ஓட்டுனவரு. தரையப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரிஞ்சிருக்குமே. ஃபோன் வந்ததும் டாக்டர் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் போகாமல் அவள் பக்கத்தில் நின்றது. அம்சவேணி சொம்பைக் கீழே வைக்க மறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்திருக்கும். ஒரு நட்டு குறைந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற மனுஷனுக்குத் தெரியாமல் இருக்குமா. வண்டி வந்த மறுவாரமே குடியாத்தத்துக்குக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் விட்டார், முன்கண்ணாடி சரி பண்ணணும் என்றார், பிளந்த கண்ணாடியோடு திரும்பி வந்தார். முந்தி இப்படித்தான் இருந்துச்சு, எவனோ மாத்திட்டான், நான் திருப்பி வச்சிட்டேன் என்றார். அவள் ஒரு கேள்வி கேட்டாளா, கேட்கவில்லை. முந்தி எப்படி இருந்தது என்று அவள் கண்டாளா என்ன. அந்த வாரமே ரப்பர் பாயும் ஒட்டினார். ஆவடியில் நாளெல்லாம் வெயிலில் அலைந்து வரிசை வரிசையாகப் பார்த்திருப்பார். அது இல்லை, அது இல்லை, இதுவும் இல்லை. அது பஞ்சாப் மண்ணிலேயே துருப்பிடித்துக் கிடந்திருக்கும், இல்லையென்றால் அன்றைக்கே எரிந்திருக்கும். வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை, வயசு ஒத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் சுபாவம் அது. அவளுக்குத் தெரியாதா. அவர் பெண் பார்க்க வந்ததே அவள் அக்கா கஸ்தூரியை. அக்காவுக்கு முந்தின வாரம் வேறிடம் முடிந்துவிட்டது, தகவல் அனுப்பியும் எட்டவில்லை, ஆள் ரயிலில் இருந்தார். லீவுக்கு இவ்வளவு தூரம் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று கேசரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் அம்சவேணி. லீவு முடிவதற்குள் கல்யாணம். அதற்கப்புறம் ஒருநாள்கூட, ஜாடையாகக்கூட, நான் உன் அக்காவைப் பார்க்க வந்தவன் என்று அவர் சொன்னதில்லை, உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்றே சொல்வார், சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் விட்டார். அதைப் பெருந்தன்மை என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் ஆளின் வழக்கமே அதுதான் போலிருக்கிறது, கிடைத்ததைக் கொண்டுவந்து கண்ணாடியை வெட்டி அதுவாக்கிக்கொள்வது. அப்படியானால் தன்னில் எதை வெட்டினார். கைக்கு வந்த இந்தக் கேள்வியை அவள் அவசரமாகக் கீழே போட்டாள், போட்டது காலடியிலேயே கிடந்தது. சரி, அது போகட்டும். இந்த ஜீப்பில் சகாயம் உட்காரவே இல்லை. ஒருநாள்கூட இல்லை. பின்னே அது யார் சீட்டு. யாருக்காக அவள் நாற்பது வருஷம் இரும்புப் பலகையில் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். வலியோடு ஒருக்களித்துப் படுத்தாளே, யாருக்காக. செத்தவனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு பெருமையாவது இருந்தது, அதையும் டாக்டர் டார்ச் அடித்துப் பிடுங்கிவிட்டார்.

கோபம் வந்தது. வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தேடியபோது கோமதியின் முகம் வந்தது, ஒன்றாம் வகுப்புக் கோமதி, ரெட்டைப் பின்னல். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் விளையாட்டாக ஓடி அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து டுர்ர் என்று வண்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் பார்த்தார். அப்படியே தூக்கி இறக்கி ஒரு அறை. அதற்கு முன்னும் பின்னும் அவர் பிள்ளைமேல் கை வைத்ததே கிடையாது. இல்லாத ஒருத்தன் சீட்டுக்காக இருக்கிற பிள்ளையை அடிக்கிறாயா பாவி என்று அவள் கத்தினாள், அவர் ஷெட்டுக்குப் பின்னால் போனார். அங்கே குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நின்றிருந்தது வெயிலில், அப்படியும் பல் கிட்டித்தது. வெயில் பித்தம் என்று மோர் கரைத்துக் கொடுத்தாள். மரியாதைக்கு ஒருத்தன் வாந்தி எடுப்பானா. இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், அவளும் கேட்காமல் மோரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். முன்னாடி வந்து உக்காருடா, சூடா இருக்கும். பிரியப்பட்டுத்தான் கூப்பிட்டார். பிரியப்பட்டு ஒருத்தனைப் பக்கத்தில் உட்காரவைத்தார், அவன் போய்விட்டான். அதற்கப்புறம் பிரியப்பட்ட யாரையும் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. அவ்வளவுதானா. இத்தனை சின்ன விஷயமா. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள், மூக்கில் குழாய், கண் திறக்கவில்லை, ஆனால் அவள் கையைப் பிடித்த பிடி விடவில்லை. பின்னாடியே இரு, எறங்காத, பின்னாடியே இரு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாகும்போதுகூடப் பின்னாடியே இரு என்கிறானே மனுஷன் என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை, கருமாதிவரை வரவில்லை, ஊரே பார்த்து அதிசயப்பட்டது. இப்போது அந்த வார்த்தையைத் திருப்பிப் பார்த்தாள். பத்திரமாக இரு என்று சொன்னாரோ. அப்படியானால் எவ்வளவு நன்றாயிருக்கும். உடனே இன்னொரு நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. அவளிடம்தான் சொன்னாரா. கரும்புத் தோட்டத்து ஓரத்தில், காய்ச்சலோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தனிடம், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று சொன்னாரோ. பிடித்தது அவள் கை. சொன்னது யாரிடம். கேட்டுச் சொல்ல ஆளில்லை, இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. ஒருபக்கம் நினைத்தால் அவள் இத்தனை காலம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாற்றப்பட்டவள், மறுபக்கம் நினைத்தால் கடைசி மூச்சில்கூடச் சக்களத்திக்குத்தான் முதல் இடம். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், இரண்டும் ஒரே எடையாக இருந்தது.

டாக்டர் திரும்பி வந்தபோது லாரி டிரைவரும் எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டு கூடவே வந்தான். ஜீப்பை ஏற்ற லாரியிலிருந்து இரும்புப் பலகைகளைச் சாய்வாக இறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அவளிடம் வந்தார். "அம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நான் டம்மிக்கு ஒரு பீரங்கி செஞ்சு இதுல பூட்டிக்குவேன், கண்ணாடிதான் ஏற்கெனவே தோதா இருக்குதே. வண்டி கண்காட்சிக்குக் கொண்டுபோனா நாலு பேரு வந்து கேப்பாங்க, இது யாரு வண்டி, யாரு ஓட்டுனாங்க, பக்கத்துல யாரு உக்காந்தாங்கன்னு. இல்லாதத நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதச் சொல்லுறேன்." நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தச் சீட்டு காலியாயிற்று. பச்சை ரெக்ஸின், ஓரத்தில் தையல் விட்டிருந்தது, நடுவில் ஒரு குழிவுகூட இல்லை, கடையிலிருந்து வந்த மாதிரி மொழுமொழுவென்று உப்பி இருந்தது. டிரைவர் சீட்டு அதற்குப் பக்கத்தில் நைந்து பள்ளமாகி பஞ்சு தெரியக் கிடந்தது. இரண்டையும் ஒன்றாக அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள், பின்னால் உட்கார்ந்தவளுக்கு முதுகுகள்தானே தெரியும். "ஓட்டுனது அவருதாங்க," என்றாள். "சரிங்க. பக்கத்துல?" தேவசகாயம் என்று சொல்லலாம். சொன்னால் அவன் கோயம்புத்தூரில் இன்னும் கொஞ்ச காலம் இருப்பான், நாலு பேர் அவன் பேரைக் கேட்பார்கள், அவனும் பாவம்தான், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள். யாருமில்லை என்று சொல்லலாம், அதுதான் உண்மை. அம்சவேணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான்தாங்க," என்றாள். "எப்பவும் நான்தான் உக்காருவேன்."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அப்படியானால் போவதற்கு முன் அதில் உட்காருங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்று எப்படிச் சொல்வது. வலப்பக்கம் வந்து நின்றாள். எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் ஏறுவதென்றால் கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஏறுவாள், வலது கால் படியில், இடது கை கம்பியில், இங்கே எதைப் பிடிப்பது. வலது காலை வைத்தாள், திரும்ப முடியவில்லை, இறக்கிவிட்டு இடது காலை வைத்தாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ஏறியவள் இப்படியா தடுமாறுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், தோன்றினால் தோன்றட்டும், மூட்டுவலி என்று நினைத்துக்கொள்ளட்டும். அவர் கை நீட்டினார், அவள் வாங்கிக்கொள்ளாமல் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். ரெக்ஸின் குளுகுளுவென்றிருந்தது. வெட்டிய கண்ணாடி வழியாக ரோடு தெரிந்தது, அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, ஒரு டவுன் பஸ், பால் கேன் கட்டிய ஒரு பைக், எல்லாம் சின்னதாக இருந்து பெரிதாகி வந்தன. ரோடு இப்படித்தான் இருக்குமா, இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு போனீர்களா என்று கேட்கத் திரும்பினாள். இடப்பக்கம் ஸ்டியரிங் இருந்தது, பள்ளமான சீட்டு இருந்தது. பஞ்சு பிதுங்கிய இடத்தில் அவள் கையை வைத்து அழுத்தினாள், அது உள்ளே போய், கையை எடுத்ததும் மெதுவாக மறுபடி வெளியே வந்தது. கருமாதிக்கும் வராத அழுகை அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, ஓசைப்படாமல் வந்தது. "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க," என்றார் டாக்டர். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.